இரண்டு கட்சிக்காரர்கள்

வக்கீலிடம் வழக்கைக் கொடுத்தவரையும் கட்சிக்காரர் என்கிறோம். அரசியல் கட்சியில் இருப்பவரையும் கட்சிக்காரர் என்கிறோம். தமிழ் செய்த இந்தக் குறும்பில் ஒரு மந்திரியின் நிம்மதி போன கதை இது.

கரிசல் சீமையில் அருணகிரி என்றொரு வக்கீல் இருந்தார். "கட்சிக்காரரைக் கைவிட்டால் நான் என் அப்பனுக்குப் பிறந்தவனே இல்லை" என்பது அவர் வாயோடு பிறந்த சபதம். அவர் கடைசியாக ஜெயித்த வழக்கு பேச்சித்தாயுடையது. கண்மாயிலிருந்து அவளுடைய மிளகாய்த் தோட்டத்துக்கு வரும் வாய்க்காலில் அவளுக்கு உரிமை உண்டு என்று, அரசாங்கத்தையும் எதிர்வாதியாகச் சேர்த்துத் தீர்ப்பு வாங்கிக் கொடுத்தார். யாரும் அப்பீல் போகவில்லை; கெடுவும் கடந்துவிட்டது.

பிறகு தேர்தல் வந்தது. மேடைக்கு மேடை அதே சபதம், அதே கைதட்டல். வக்கீல் ஜெயித்து வருவாய்த்துறை மந்திரியானார். அவருக்காக ஊர் ஊராக அலைந்து ஓட்டுச் சேகரித்தவர் ஒன்றியச் செயலாளர் சங்கிலிப்பாண்டி.

ஆறே மாதத்தில் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. அந்த வாய்க்கால் புறம்போக்காம். சங்கிலிப்பாண்டிக்குக் குத்தகைக்கு விடலாமாம். உத்தரவு வருவதற்குள் அவர் வாய்க்காலை அடைத்து வேலியே போட்டுவிட்டார். மந்திரி அன்று காலை இட்லித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கோப்பைப் பிரித்தார். போதாக்குறைக்குச் சங்கிலிப்பாண்டியும் பேச்சித்தாயும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, கட்சிக்காரனக் கைவிட மாட்டேன்னு மேடையில சொன்னது நீங்கதான? கையெழுத்து விழலன்னா அடுத்த தடவ சீட்டு யாருக்குன்னு நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சங்கிலிப்பாண்டி.

பேச்சித்தாய்க்கு மிரட்டத் தெரியாது. "ஐயா, தண்ணி பாஞ்சு பன்னெண்டு நாளாச்சு. செடியெல்லாம் பூவோட சுருண்டு கெடக்கு. கட்சிக்காரியக் கைவிட மாட்டேன்னு நீங்க சொன்னத நம்பித்தான் வந்தேன்" என்றாள்.

துறைச் செயலாளர் காதருகே குனிந்தார். "சார், இந்தம்மாவுக்கு வக்கீலா இருந்தேன்னு எழுதி, கோப்பை வேற மந்திரிக்குத் தள்ளிடுங்க. பாம்பும் நோகாது, பாம்படிச்ச கோலும் நோகாது."

கோப்பு போய்ச் சேரப்போகும் அந்த வேறு மந்திரி சங்கிலிப்பாண்டிக்குச் சம்பந்தி. அது அருணகிரிக்கும் தெரியும். பேனா மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். பகல் பன்னிரண்டு ஆகியும் ஓர் எழுத்து விழவில்லை.

வாசகரே, கையெழுத்துப் போடுவதா, மறுப்பதா, தள்ளிவிடுவதா? இந்த மூன்றில் எது சரி?

விடை: சபதத்தை வைத்துப் பார்த்தால் எதைச் செய்தாலும் ஒரு கட்சிக்காரர் கைவிடப்படுவார், அந்த வழியில் விடையே கிடையாது. சபதத்தை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்பைப் பாருங்கள். அது அரசாங்கத்தையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. அதை மாற்ற அருணகிரிக்கும் உரிமையில்லை, அடுத்த மந்திரிக்கும் இல்லை. முடிவெடுக்கவே எதுவும் மிச்சமில்லாதபோது தள்ளிவிட என்ன இருக்கிறது? மறுப்பதுதான் சரி. "தீர்ப்பு இருக்கிறது. குத்தகை இல்லை. வேலியை எடுக்கவும்" என்று அருணகிரி எழுதினார். சங்கிலிப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். சீட்டு போனது போனதுதான். பேச்சித்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். மந்திரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தானே வாங்கிக் கொடுத்த தீர்ப்பை மதிக்க ஒரு காலை முழுக்க யோசித்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.