பூசண விதையும் காத்தாயியும்

பூச்சியும் பயிரும் மனிதரோடு வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், பூசணத்தோடு மட்டும் யாரும் பேசமாட்டார்கள். பழைய சோற்றில் படர்ந்தால் முகம் சுளிப்பார்கள், ஈரச் சுவரில் படர்ந்தால் சுரண்டிப் போடுவார்கள். அதுவும் பாவம், எந்த வம்புக்கும் போகாமல் நிழல் பார்த்து ஒதுங்கிக் கிடந்தது.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரே வயல், ஒரே மகள். முந்தின வருஷ வெள்ளத்தில் எல்லாம் போக, மிஞ்சிய விதைநெல் முழுவதையும் நாற்று விட்டு அந்த வயலில் நட்டிருந்தாள். பயிர் தேறினால்தான் அடுத்த வருஷத்துக்கு விதை. தேறாவிட்டால் வயல் இருக்கும், அதில் போட ஒரு மணி இருக்காது.

கதிர் வெளிவரும் சமயத்தில் புகையான் வந்து இறங்கியது. அரிசியில் பாதி அளவுகூட இல்லாத பூச்சி அது. ஆனால் கூட்டமாக வந்து, தூரில் தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேலே பார்த்தால் பயிர் பச்சையாக நிற்கும், கீழே தண்டு செத்துக்கொண்டிருக்கும். சில நாளில் நடுவயலில் தீய்ந்தது போல வட்டமாக ஒரு திட்டு விழுந்தது.

காத்தாயி கொக்கைக் கூப்பிட்டாள். பயிர் அடர்த்தியாக இருக்கிறது, உள்ளே கால் வைக்க முடியாது என்று அது பறந்துவிட்டது. தவளை வயிறு முட்டத் தின்றுவிட்டு வரப்பில் தூங்கியது. சிலந்திதான் மனம் வைத்து உழைத்தது. ஆனால் தான் ஒன்றைப் பிடிப்பதற்குள் புகையான் நூறு குஞ்சு பொரிக்கிறது என்று அதுவும் கையை விரித்தது.

புகையான் கூட்டத்தின் தலைவனுக்கு ஏக குஷி.

"அறுப்புக்கு ஆள் சொல்லிடாத ஆத்தா. அந்த வேலைய நாங்களே பாத்துக்கறோம்" என்றது.

காத்தாயி வயலை விட்டு ஏறினாள். வரப்பிலிருந்த புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அங்கே ஒரு புல்லின் மேல் செத்த புகையான் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் உடம்பு முழுக்க மாவு பூசியது போல வெள்ளை.

"அது என் வேலைதான் தாயி" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. பேசியது பூசணம். "நீ போன மாசம் மூக்கப் பொத்திக்கிட்டு வீசின சோத்துலதான் நான் பொழைச்சேன். இந்தா, என் விதை. வயல்ல தூவு."

பூசணமாவது விதையாவது என்று காத்தாயிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வேறு போக்கிடம் இல்லை. இரண்டு கை நிறைய அந்த வெள்ளைத் தூளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்ததும் நெல்லுக்கு என்ன செய்வாளோ அதையே செய்தாள். பாயை விரித்து, தூளைப் பரப்பி, மூன்று நாள் உச்சி வெயிலில் காயவைத்தாள். மகளைக் கோழிக்குக் காவல் வைத்தாள். விதை காயாவிட்டால் முளைக்காது என்று அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? நான்காம் நாள் காலையில் பக்குவமாகத் தூவினாள். ஒரு பூச்சிகூடச் சாகவில்லை. நடுவயல் திட்டு இன்னும் அகலமானது. புகையான் தலைவன் அந்தத் தூளில் புரண்டு காட்டியது.

கோபத்தோடு புங்கமரத்தடிக்குப் போனாள். "உன் விதை வெறும் பதரு. மூணு நாள் காயவெச்சும் பிரயோசனம் இல்ல" என்றாள்.



"வெயில்லயா வெச்ச?" என்று பூசணம் கேட்டது. "நெல்லுக்கு வெயில் உசுரு தாயி. எனக்கு அதுதான் எமன். தப்பு உன்மேல இல்ல, நான் சொல்லியிருக்கணும். இனி ஒரு சிட்டிகைதான் இருக்கு. அது பெருகணும்னா சோறு வேணும்."

வீட்டில் இருந்தது ஒரு நாழி அரிசி. அறுப்பு வரைக்கும் தாயும் மகளும் அதில்தான் கஞ்சி வைத்தாக வேண்டும். அன்று சாயங்காலம் முழுவதும் காத்தாயி அந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பை மூட்டி, அத்தனையையும் அரை வேக்காட்டில் வடித்து ஆறவைத்தாள். அதில் அந்தச் சிட்டிகையைக் கலந்து, பானை வாயைத் துணியால் கட்டி, இருட்டு மூலையில் வைத்தாள். மகள் கீரையைத் தின்று பசியாறினாள். பட்டினி கிடக்கிறவள் பானையில் பூசணம் வளர்க்கிறாள் என்று ஊரே சிரித்தது. காத்தாயி கண்டுகொள்ளவில்லை.

பத்தாம் நாள் பானைக்குள் சோறு தெரியவில்லை, வெள்ளைதான் தெரிந்தது. அதைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வெயில் இறங்கிய பிறகு, வயலில் இறங்கித் தூர் தூராகத் தெளித்தாள். அன்று தூறலும் சேர்ந்துகொண்டது.

அடுத்த நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஐந்தாம் நாள் புகையான்கள் சாறு குடிக்க மறந்து சொக்கி நின்றன. தலைவனுக்கு உடம்புக்குள் என்னவோ வேர் விடுவது தெரிந்தது. பூசணத்துக்கு எமன் சூரியன்தான் என்று காத்தாயி தெளிக்கும்போது மகளிடம் சொன்னதை அது கேட்டிருந்தது. எனவே இருந்த தெம்பையெல்லாம் கூட்டி, வாழ்நாளில் முதல்முறையாகத் தூரை விட்டு இலை நுனி வரைக்கும் ஏறியது.

"சூரியனே, என்னைக் கொஞ்சம் காய வையேன்" என்று கெஞ்சியது.

சூரியன் அப்போது மேற்கே பாதி இறங்கியிருந்தது. "பொழுது சாஞ்சுபோச்சு, காலையில வா" என்று சொல்லிவிட்டு மறைந்தது. தலைவன் இலை நுனியைப் பிடித்தபடியே காத்திருந்தது. விடிந்தபோது அதன் மேல் வெள்ளை பூத்திருந்தது. காற்று அடித்தது, அந்த வெள்ளை கீழே இருந்த கூட்டத்தின் மேல் விழுந்தது. காத்தாயிக்கு அதற்கு மேல் வேலையே இல்லாமல் போயிற்று.

தீய்ந்த திட்டு போக மற்றதெல்லாம் கதிர் முற்றிச் சாய்ந்தது. விதைக்கு எடுத்து வைத்து, மகளுக்கு வயிறார வடித்துப் போட்டாள். பிறகு ஒரு கவளம் சுடுசோற்றை ஆறவைத்து எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனாள். இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை.

பூசணம் இன்றும் சோற்றில்தான் பெருகுகிறது, வெள்ளை பூத்த பூச்சி இன்றும் இலையைப் பிடித்தபடியே சாகிறது. நெல் விதையை வெயிலில் கொட்டிக் கிளறுகிற அதே கை, பூசண விதையை எடுத்தால் மட்டும் பொழுது சாயட்டும் என்று பொறுத்திருக்கப் பழகியதும் அன்று முதல்தான்.