அஷ்டமி நுழையாத அரண்மனை

கொற்றங்குடி ராஜா செண்பக வழுதிக்கு ஒரு பிடிவாதம். தன் நாட்டு விஷயம் எதுவும் அடுத்தவன் வீட்டில் இருக்கக் கூடாது. அதனால் அரண்மனைக்குள்ளேயே சொந்தமாக ஒரு யுனிக்ஸ் சர்வர் வைத்திருந்தார். சர்வர் என்றதும் தோளில் துண்டோடு இட்லி கொண்டு வருகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். இது கம்ப்யூட்டர். ஆனாலும் வேலை அதே வேலைதான், கேட்டதைக் கொண்டு வந்து கொடுக்கும். குடிமக்கள் தங்கள் குறைகளை அதில் எழுதுவார்கள். ராஜா காலையில் காபி குடித்துக்கொண்டே டேப்லெட்டில் படிப்பார்.

ஒருநாள் படிக்கப் போனால் திரை முழுக்கச் சிவப்பு. "இந்தத் தளத்தின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. இதை நம்ப வேண்டாம்!"

வந்ததே கோபம் ராஜாவுக்கு! "என் அரண்மனையில் இருந்துகொண்டு என்னையே நம்பாதே என்கிறதா? கூப்பிடு அந்த அலர்மேலை!"

அலர்மேல்தான் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவள். ஓடி வந்தாள். "மகாராஜா, தளத்தை நம்பலாம் என்று சொல்லும் சான்றிதழுக்கு இன்னும் பத்தொன்பது நாள் ஆயுசு இருக்கிறது. கடைத்தெருவில் எல்லார் போனிலும் தளம் நன்றாகத் திறக்கிறது."

"அப்படியானால் என் கண் பொய் சொல்கிறதா?"

சபையில் இருந்தவர்கள் ஆளாளுக்குத் தங்கள் போனைத் திறந்து பார்த்தார்கள். அத்தனையும் சிவப்பு.

இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார் அரண்மனை ஜோசியர் கார்மேகம். அலர்மேலின் வேலையில் தன் மச்சினனை உட்கார வைக்க அவருக்கு நெடுநாள் ஆசை. "மன்னரை நம்பாதே என்று எழுதி வைத்தவளை நாட்டுக்குள் விட்டு வைக்கலாமா? துரத்துங்கள்!"

"துரத்து!" என்றார் ராஜா.

பாவம் அலர்மேல். இந்த ஊரை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. வீட்டில் அப்பா வேறு படுத்த படுக்கை. அழுதேவிட்டாள்.

அப்போது எழுந்தான் குன்னிமுத்து. ராஜாவைச் சிரிக்க வைப்பதும் சபையில் வம்பு வளர்ப்பதும்தான் அவன் உத்தியோகம். "மகாராஜா, எதையும் நாள் பார்த்துச் செய்வதுதானே நம் வழக்கம்? ஜோசியரே, இவளை அனுப்ப ஒரு நாள் குறித்துக் கொடுங்களேன்."

ஜோசியர் பஞ்சாங்கத்தைக்கூடப் புரட்டவில்லை. "நல்ல காரியத்துக்குத்தான் ஐயா நல்ல நாள் வேண்டும். இதுக்கு அஷ்டமியே போதும்!"

"இன்று பஞ்சமி. வருகிற அஷ்டமியன்று இவள் வெளியேற வேண்டும்," என்றார் ராஜா, டேப்லெட்டில் திதி பார்த்து. "அதற்குள் தளம் திறந்தால் மன்னிப்பு." ஓலையில் முத்திரையும் விழுந்தது.

சர்வர் அறைக்கு அலர்மேலோடு குன்னிமுத்துவும் போனான்.

"எல்லாம் பார்த்துட்டேன் அண்ணே," என்றாள் அவள். "கூப்பிட்டா பதில் வருது. தளத்துக்குப் போற நானூத்து நாப்பத்து மூணாம் வாசல் திறந்துதான் இருக்கு. சேவையும் ஓடுது. என்ன கேடுன்னே தெரியல."

குன்னிமுத்துவுக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாது. தெரியாதவன்தானே அசட்டுக் கேள்வி கேட்பான்? "இன்னிக்கு என்ன தேதி தாயி?"

"ஆவணி அஞ்சு."

"அது இதுக்குத் தெரியுமா?"

அலர்மேல் தட்டிப் பார்த்தாள். திரையில் ஆவணி இருபத்தைந்து என்று வந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். அரண்மனைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளும் இந்தச் சர்வரிடம்தான் தேதி கேட்கும். சான்றிதழோ இருபத்து நாலு வரைக்கும்தான் செல்லும். ஊருக்கெல்லாம் செல்லுபடியான சான்றிதழ் அரண்மனைக்குள் மட்டும் செத்துப்போனது அப்படித்தான்.

பழைய பதிவுகளைத் தேடினாள். "யாரோ தேதியைத் தள்ளி விட்டிருக்காங்க அண்ணே. பத்துத் தடவை, தடவைக்கு ரெண்டு நாள். எல்லாம் அஷ்டமி காலையில, ஜோசியர் பூஜை போட உள்ள வர்ற நேரம்."

குன்னிமுத்துவுக்குச் சட்டென்று பிடிபட்டது. பங்குனியில் ஒருநாள் ராஜா சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு, "இனி இந்த அஷ்டமியும் நவமியும் என் அரண்மனைக்குள் நுழையவே கூடாது! ஜோசியரே, இது உம் பொறுப்பு!" என்று கத்தினார். மனுஷன் அதை அப்படியே நிறைவேற்றியிருக்கிறார். சப்தமிக்கு மறுநாள் நேரே தசமி!

"இப்பவே சரி பண்ணிடட்டுமா?" என்றாள் அலர்மேல்.

"ஐயோ, தொடாதே. ராஜா உத்தரவுல கை வச்சா அதுக்குத் தனித் தண்டனை. அவர் வாயாலயே சொல்ல வைக்கிறேன், பேசாம இரு."

மூன்றாம் நாள் காலை சபை கூடியது. அலர்மேல் துணி மூட்டையோடு நின்றாள். பக்கத்தில் காவலர்கள். ஜோசியர் நெற்றியில் புதுக் குங்குமத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, இன்று அஷ்டமிதானா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிட்டால் இவள் கிளம்பிவிடுவாள்," என்றான் குன்னிமுத்து.

ராஜா டேப்லெட்டைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "தசமி என்கிறதே! நேற்று சப்தமிதானே? அஷ்டமி எங்கே போச்சு?"

"அதைத்தான் உள்ளே விடக் கூடாது என்று தாங்களே உத்தரவு போட்டீர்களே! ஜோசியர் காலையிலேயே பூஜை போட்டுத் துரத்திவிட்டார். ஐந்து மாதமாக இதே வேலை. அரண்மனை இப்போது ஊரைவிட இருபத்திரண்டு நாள் முன்னால் ஓடுகிறது."

"பழக்க தோஷம்..." என்று முனகினார் ஜோசியர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அடப்பாவி! போன மாதம் ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு போனேனே, ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லையே, அதுவும் இதனால்தானா?"

"ஆமாம் மகாராஜா. தாங்கள் ஆற்றைத்தான் திட்டிவிட்டு வந்தீர்கள்." குன்னிமுத்து கை கட்டிக்கொண்டான். "இனித் தங்கள் சித்தம். அஷ்டமியை உள்ளே விட்டால் தேதி சரியாகும், தளம் திறக்கும், இவளுக்கு மன்னிப்பு. விடாவிட்டால் இவளை அனுப்ப நாளே கிடையாது!"

ராஜா ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "விடு, விடு, இரண்டையும் உள்ளே விடு!"

அலர்மேல் ஓடிப்போய்த் தேதியைத் திருத்தினாள். சிவப்பு மறைந்தது, மனுக்கள் வரிசையாக வந்து நின்றன. சர்வர் அறைச் சாவி இனி அவளிடம் மட்டும்தான் என்று ராஜா சொன்னபோது மறுபடியும் அழுதாள். இந்த அழுகை வேறு. குன்னிமுத்துவுக்கு ராஜா தன் கழுத்து முத்துமாலையையே கழற்றிப் போட்டார்.

"சரி, இந்த ஜோசியரை என்ன செய்யலாம்? நீயே சொல்."

"ஒன்றும் செய்ய வேண்டாம் மகாராஜா. சமையல்காரரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அஷ்டமி, நவமி இரண்டு நாளும் ஜோசியருக்கு இலை போட வேண்டாம். இல்லாத நாளில் அவருக்குப் பசி மட்டும் எப்படி வரும்?"