விளாம்பழமும் குளத்துப் பாதையும்

அந்தக் காட்டில் கோடையிலும் வற்றாத குளம் ஒன்றுதான். அதற்குப் போகிற பாதையும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் முள்புதர்.

தண்ணீர் குடித்த மிருகங்கள் பாதையோர மர நிழலிலேயே நாள் முழுக்கக் கிடந்தன. மற்றவை ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. அதனால் காட்டுப் பஞ்சாயத்துத் தலைவரான யானை ஒரு சட்டம் போட்டது. பாதையோரம் நிற்க ஒரு விளாம்பழம் கட்டணம். சேரும் பழம், குளத்தைத் தூர்வாரும் பன்றிகளுக்குக் கூலி. வசூல் குத்தகை நரிக்குக் கிடைத்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் பழம் குவியக் குவிய யானைக்கு ஆசை வந்தது. வருமானம் கூடினால் சரி என்று சொல்லிவிட்டது. நரி ஓரத்தை விட்டுவிட்டுப் பாதையிலேயே கோடு கிழித்து இடம் கொடுக்க ஆரம்பித்தது.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஒரு மிளா மான் தன் குட்டியோடு வந்தது. குட்டி பிறந்து பத்து நாள். நாக்கு வறண்டு, கால் தள்ளாடியது. குடித்த பிறகு குட்டியைக் கொஞ்சம் நிழலில் படுக்க வைக்கலாம் என்று மிளா வாயில் ஒரு பழமும் கவ்வி வந்திருந்தது.

பாதையை அடைத்துக்கொண்டு காட்டெருமைகள் அசைபோட்டுக் கிடந்தன. பிள்ளைக்கு மயக்கம் வருகிறது, சற்று வழி விடுங்கள் என்று மிளா கெஞ்சியது.

“பழம் கொடுத்துட்டுப் படுத்திருக்கேன் தாயி. எதுவானாலும் நரிகிட்டப் பேசு” என்றது ஒரு காட்டெருமை, கண்ணைக்கூடத் திறக்காமல்.

நரி சிரித்தது. “வசூல் பண்றதுதான் என் வேலை, அக்கா. வழி விடச் சொல்றது இல்ல. நீயும் பழத்தைப் போடு, எங்க வேணும்னாலும் நின்னுக்கோ.”

அப்போது தூரத்தில் யானை வருவது தெரிந்தது. அன்றைய வசூலை எடுத்துப்போக அது வரும் நேரம். மிளா பழத்தை நரி முன்னால் போட்டது. வசூலான பழத்தை நரி குவித்திருந்த பாறை இடுக்கின் வாசலில் போய்க் குட்டியோடு படுத்துக்கொண்டது.

நரி பதறி விரட்டிப் பார்த்தது. மிளா அசையவில்லை.

“எழுந்திரு, பழம் எடுக்கணும்” என்றது வந்து சேர்ந்த யானை.

“பழம் கொடுத்திருக்கேன் ஐயா. பொழுது சாயற வரைக்கும் இது என் இடம்.” என்றது மிளா. “இங்க வழி இல்லேன்னா உங்களுக்குப் பழம்தான் போகும். அங்க வழி இல்லாம எனக்குப் பிள்ளையே போகப் போகுது.”

யானை குட்டியைப் பார்த்தது. பிறகு பாதையைத் திரும்பிப் பார்த்தது. நேரே போய்ப் பிளிறியது. காட்டெருமைகள் புழுதி பறக்க எழுந்து ஓடின. வழி திறந்தது.

குட்டி நெடுநேரம் குடித்தது. அது தலை நிமிர்த்திக் காதை ஆட்டிய பிறகுதான் மிளா தானும் வாய் வைத்தது.

யானை பாதையில் இருந்த கோடுகளையெல்லாம் தன் காலாலேயே அழித்தது. இனி ஓரத்தில் மட்டும்தான் இடம். நிழல் நகரும்வரை ஒரு பழம், அதற்கு மேல் இருந்தால் இரட்டிப்பு. குவியல் சிறுத்தது. ஆனாலும் பன்றிகளின் கூலிக்கு அது போதுமானதாக இருந்தது.

வழியைக் காக்கத்தான் வரி. வரிக்காக வழியையே விற்றால், குளம் நிறைந்திருந்தும் ஊர் தாகத்தில் சாகும்.