வழுக்குப்பாறைக்குப் போன அழுங்குக் குடும்பம்

மழைக்காலம் முடிந்ததும் தேக்கங்காட்டு விலங்குகள் ஓடைக்கரையில் ஒரு விளையாட்டுத் திடல் அமைத்தன. ஓடை இறங்கி வரும் பெரிய பாறையில் பாசி படர்ந்து வழவழவென்று இருந்தது. உச்சியில் போய் உட்கார்ந்தால் போதும், தண்ணீரே கீழே இழுத்துக்கொண்டு போய் மடுவில் தள்ளிவிடும். மடுவின் ஓரத்தில் யானை ஒன்று நின்று, போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் தும்பிக்கையால் நீரைப் பீய்ச்சியது. வழுக்குப்பாறைக்கு ஒரு கருமந்தி பொறுப்பு. காடு முழுக்க இதே பேச்சு.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வளையில் அழுங்குக் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. அழுங்கு என்றால் எறும்புதின்னி. உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில் இருக்கும். பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலைச் சுற்றிக்கொண்டு பந்தாகிவிடும். புலியே வந்து புரட்டினாலும் பிரிக்க முடியாது.

அப்பா பெயர் கருக்கன். அம்மா வள்ளை. மூத்தவள் துடி, இளையவன் மொட்டு.

மொட்டு மற்றக் குட்டிகளைப் போல இல்லை. பேச்சு குறைவு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டான். ஆனால் வளைக்கு வெளியே எறும்பு ஊர்வது அவனுக்குக் கேட்கும். தினமும் ஒரே புங்கமரத்தை ஒரே பக்கமாகச் சுற்றி வருவான். ஒருநாள் வழி மாறினால் அன்றைக்கு முழுக்க அழுகைதான். இடி இடித்தால் சுருண்டுகொள்வான். யாராவது உரக்கச் சிரித்தாலும் சுருண்டுகொள்வான். பிறவியிலேயே அவன் அப்படி. பெற்றவர்களுக்கு அது தெரியும். தெரியாதவர்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

துடிக்கு வழுக்குப்பாறை என்றால் உயிர். ஆனால் அவள் ஆசையை வெளியே சொல்லவில்லை. முயல் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார்கள், மொட்டு சுருண்டுகொண்டான், பாதியில் திரும்பினார்கள். ஆற்றுக்குப் போனார்கள், அங்கேயும் அப்படியே. இப்போதெல்லாம் எங்காவது கிளம்பும்போது துடி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

“இன்னிக்கும் பாதியிலே வந்துருவோமாம்மா?”

வள்ளைக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

கருக்கன் ஒரு யோசனை சொன்னது. தான் மொட்டோடு வளையில் இருப்பதாகவும், வள்ளையும் துடியும் மட்டும் போய்வரலாம் என்றும் சொன்னது. வள்ளை ஒத்துக்கொள்ளவில்லை.

“அவனும் நம்ம பிள்ளைதானே? எல்லாக் குடும்பமும் ஒண்ணா போகுது. நாமளும் ஒண்ணா போவோம், நாலு பேரும் வழுக்குவோம், ஒண்ணா வருவோம்.”

அன்றிலிருந்து வள்ளை மகனைத் தயார் செய்தது. முதலில் வரிசையில் நிற்க வேண்டும், அப்புறம் மேலே ஏற வேண்டும், அப்புறம் வழுக்க வேண்டும், கடைசியில் தண்ணீரில் விழ வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொடுத்தது. மண்ணைக் குவித்துச் சரிவு செய்து அதில் அவனை இறக்கிப் பழக்கியது. மொட்டு அதைப் பாட்டாகவே ஆக்கிக்கொண்டான். “வரிசை, ஏறு, வழுக்கு, தொப்” என்று புங்கமரத்தைச் சுற்றும்போதெல்லாம் முணுமுணுத்தான். வள்ளைக்குத் தைரியம் வந்தது.

ஒருநாள் காலையில் நால்வரும் கிளம்பினார்கள். மொட்டு அம்மாவின் வால்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். அழுங்குக் குட்டிகள் அப்படித்தான் பயணம் போகும்.

திடலில் கூட்டம் நெரிந்தது. வழுக்குப்பாறையின் வரிசை பாறையடியிலிருந்து மூங்கில் புதர் வரை நீண்டிருந்தது. மொட்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஆனாலும் பாட்டை விடவில்லை. வரிசை நகர்ந்தது. ஏறினார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது.

அவர்களுக்குப் பின்னால் கீரியம்மாள் தன் நான்கு குட்டிகளோடு நின்றது. அது பக்கத்து மேட்டு வளையில் குடியிருப்பது. “இவ்வளவு பெரிய பிள்ளையை இன்னும் வால்லயே தூக்கிட்டு அலையறியா?” என்று கேட்டது. வள்ளை சிரித்து மழுப்பியது.

உச்சிக்கு வந்தாயிற்று. மொட்டின் முறையும் வந்தது. வள்ளை அவனை இறக்கிப் பாறை விளிம்பில் உட்கார வைத்தது. அப்போது கருமந்தி, பக்கத்தில் தொங்கிய பெரிய மூங்கிலை ஒரு கட்டையால் ஓங்கி அடித்தது. ஒவ்வொருவரும் வழுக்கும்போது அப்படி அடிப்பது அங்கே வழக்கம். கீழேயும் ஏறும் வழியிலும் அந்த ஓசை ஓடையின் இரைச்சலில் கரைந்துபோயிருந்தது. மேலே, மூங்கிலுக்குப் பக்கத்தில், அது காதைப் பிளந்தது.

மொட்டு சுருண்டான்.

பாறை விளிம்பில், வழியை அடைத்துக்கொண்டு, ஒரு பந்து. வள்ளை கூப்பிட்டுப் பார்த்தது. கருக்கன் செதிலைத் தடவிப் பார்த்தது. பந்து பிரியவில்லை. வரிசை நின்றுபோனது. பின்னாலிருந்து முனகல் எழுந்தது. கெஞ்சிப் பார்க்கச் சொன்னது ஒரு குரல், முதுகில் ரெண்டு வைக்கச் சொன்னது இன்னொன்று.

“புலியைக் கண்டா சுருளலாம். மூங்கில் சத்தத்துக்கு யாராவது சுருளுவாங்களா? சுத்த அடம்” என்றது கீரியம்மாள்.

கருமந்தி பொறுமை இழந்தது. “எத்தனை பேர் காத்திருக்காங்க பாரும்மா. பந்தாத்தானே இருக்கான்? அப்படியே உருட்டி விடு. ஒரு தடவை இறங்கிட்டா அவனுக்கே பிடிச்சுப் போயிரும்.”

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வள்ளையைச் சுட்டது. எத்தனை நாள் பழக்கியது! ஒரே ஒரு தள்ளு. அவ்வளவுதான். அவனும் வழுக்கினான் என்று ஆகிவிடும். நாலு பேரும் வழுக்கினார்கள் என்று ஆகிவிடும். வள்ளை தன் முன்கால்களை அந்தப் பந்தின்மேல் வைத்தது.

உள்ளேயிருந்து மெல்லிய முணுமுணுப்பு கேட்டது. குனிந்து காதை வைத்தது.

“வரிசை, ஏறு, வழுக்கு, தொப். வரிசை, ஏறு, வழுக்கு…”

அடம் பிடிக்கிற பிள்ளை இப்படியா பாடும்? அந்த இருட்டுக்குள்ளே இருந்துகொண்டு, அம்மா சொல்லிக்கொடுத்ததைச் செய்துவிட அவன் பாடுபடுகிறான். உடம்புதான் அவனை விடவில்லை. வள்ளை முன்கால்களை எடுத்துவிட்டது.

அதற்குள் பக்கத்தில் துடியின் குரல் கேட்டது. “வீட்டுக்குப் போயிரலாம்மா. நான் இன்னொரு நாள் வழுக்கிக்கிறேன்.”

யாரும் கேட்காமலே சொன்னாள். முகத்தில் கோபம்கூட இல்லை. பழகிப்போன முகம் அது. கூட்டம் சிரித்ததைவிட அதுதான் வள்ளைக்கு அதிகமாக வலித்தது.

வள்ளை நிமிர்ந்தது. கருமந்தியைப் பார்த்து நிதானமாகப் பேசியது.

“அண்ணே, இவனுக்கு அடம் இல்லை. அந்தச் சத்தம் இவன் காதுக்குள்ளே அடி மாதிரி விழுது. நான் இவனைத் தூக்கிட்டுப் பின்பக்கமா இறங்கிடறேன். அதுவரைக்கும் மூங்கிலை மட்டும் அடிக்காம இருங்க, போதும்.”

கருமந்தி தலையைச் சொறிந்தது. பிறகு கட்டையைக் கீழே வைத்தது.

“துடி, நீ அப்பாவோட வழுக்கு. ஆசை தீர வழுக்கு. நாங்க கீழே இருக்கோம்.”

“எல்லாரும் ஒண்ணாத்தானே வழுக்கணும்னு சொன்னீங்க?”

“சொன்னேன். நான் சொன்னது சரியில்லை. யாரும் பாதியிலே திரும்பப் போறதில்லை. நீ போ.”

துடி ஒரு நொடி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு அப்பாவோடு பாறையில் உட்கார்ந்தாள். இருவரும் சர்ரென்று இறங்கிப் போனார்கள். வள்ளை மகனைத் தன் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் பாதையில் இறங்கியது. அது பாதி தூரம் போகும்வரை மேலே மூங்கில் ஒலிக்கவே இல்லை.

பாறைக்குப் பின்னால் ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டமும் ஊஞ்சல்களும். இந்தப் பக்கம் தட்டையான ஒரு கல், யாரும் இல்லை. கிளைகளுக்கு அடியில் நுழைந்து வந்த பிற்பகல் வெயிலில் கல் இதமாகச் சுட்டது. வள்ளை பந்தை அங்கே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தது. பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, தடவவும் இல்லை. சும்மா இருந்தது.

நெடுநேரம் கழித்து வால் நுனி அசைந்தது. பிறகு மூக்கு வெளியே வந்தது. மெல்ல மெல்ல மொட்டு பிரிந்து கல்மேல் நீட்டிப் படுத்தான்.

வள்ளைக்கு மறுபடி ஒரு சபலம். கூட்டம் குறைந்திருக்கும், இன்னொரு தடவை முயன்று பார்க்கலாமா? மேலே போகலாமா என்று கேட்டுப் பார்த்தது. மொட்டு அசையவில்லை. அவன் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்லின்மேல் ஒரு நிழல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் கொடி ஊஞ்சலில் ஆடுகிறவர்களின் நிழல் அது. ஒவ்வொரு முறையும் மொட்டின்மேல் ஏறி இறங்கியது. வெயில், நிழல். வெயில், நிழல். நிழல் தன்னைத் தாண்டும்போதெல்லாம் மொட்டு கால்களை உதறி, தொண்டைக்குள் ஒரு சின்னச் சத்தம் போட்டான். அவன் சிரிக்கிற விதமே அதுதான்.

‘நிழலைப் பார்க்கவா மலை தாண்டி வந்தோம்?’ என்று வள்ளை நினைத்தது. பிறகு வேறு வேலை இல்லாததால் தானும் அவனுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தது.

மூடிய இமைக்குமேல் சிவப்பாய் வெயில் நின்றது. பிறகு இருட்டு குளிர்ச்சியாக வந்து, கடந்து போனது. மறுபடி வெயில். கல் அசையவில்லை, ஆனால் தானே ஆடுவது போலிருந்தது. வள்ளைக்கும் தொண்டைக்குள் சத்தம் வந்துவிட்டது. மொட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அப்படி அவனாகத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம்.

“இன்னொண்ணு” என்றான்.

இன்னொன்று வந்தது. அதற்குப் பின் இன்னொன்று. ஊஞ்சலில் ஆள் மாறினால் நிழலும் மாறியது. முயலின் நிழல் குட்டையாக வந்தது. மயிலின் நிழல் அகலமாக வந்து வெகுநேரம் மூடியது. மொட்டு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகக் காலை உதறினான்.

அந்த வழியாகக் கீரியம்மாள் தன் குட்டிகளோடு வந்தது. அதன் கடைக்குட்டிக்கு வழுக்கி வழுக்கித் தலைசுற்றல். ஓரமாக உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது. இவர்களைப் பார்த்து நின்றது.

“இங்கே படுத்துக்கிட்டு என்ன பண்றீங்க?”

“ஊஞ்சல் ஆடறோம்” என்றது வள்ளை.

கீரியம்மாள் கல்லையும் நிழலையும் பார்த்தது. அதன் கடைக்குட்டி கல்லின் மறுகோடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதன் தலைசுற்றல் தெளியும் வரை கீரியம்மாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பிறகு போகும்போது, “சத்தம் போடாம போங்கடா” என்று மற்ற மூன்றையும் அதட்டிக் கூட்டிக்கொண்டு போனது.

வெயில் சாயத் தொடங்கியது. நிழல்கள் நீண்டன. அப்போது கல்லின்மேல் புதிதாக ஒரு நிழல் ஆடி வந்தது. ஒல்லியான உடம்பு, கூர்மையான மூக்கு, ஓரமெல்லாம் ரம்பம் போல வெட்டிய நீண்ட வால்.

வள்ளை எழுந்து உட்கார்ந்தது. அந்த வாலை அதற்குத் தெரியாதா?

மரத்தைச் சுற்றிக்கொண்டு கருக்கன் வந்தது. உடம்பெல்லாம் ஈரம். துடி போதும் போதும் என்கிற அளவுக்கு வழுக்கிவிட்டதாகவும், யானையிடம் மூன்று தடவை குளித்துவிட்டு இப்போது ஊஞ்சலில் ஏறியிருப்பதாகவும் சொன்னது. மகன் எப்படி இருக்கிறான் என்று கவலையோடு கேட்டது.

“உங்க மகளோட விளையாடிட்டு இருக்கான்” என்றது வள்ளை.

கருக்கனுக்குப் புரியவில்லை. வள்ளை கல்லைக் காட்டியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகு புரிந்தது. உடனே மரத்தைச் சுற்றி ஓடி, துடியிடம் விஷயத்தைச் சொன்னது.

ஊஞ்சல் நின்றது. நிழலும் நின்றது. மொட்டு தலையைத் தூக்கினான்.

பிறகு அந்த நிழல் மெதுவாகப் புறப்பட்டது. அவனைத் தொட்டுப் போனது. அடுத்த முறை வேகமாக வந்தது. அதற்கடுத்த முறை வாலை ஒரு பக்கமாக நீட்டி, அவன் மூக்கை மட்டும் தடவிப் போனது. மரத்துக்கு அந்தப் பக்கம் துடி என்னென்னவோ வித்தை காட்டிக்கொண்டிருந்தாள்.

மொட்டு கால்களை உதறி உதறிச் சிரித்தான். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்த நிழலைப் பார்த்துச் சொன்னான்.

“அக்கா. இன்னொண்ணு.”

வள்ளை அதை மரத்துக்கு அப்பால் கேட்கும்படி மெல்ல எடுத்துச் சொன்னது. பதிலுக்குத் துடி சிரித்தாள். உரக்க அல்ல; தம்பிக்குத் தாங்குமளவுக்கு.

திடல் காலியாகும்வரை அவர்கள் இருந்தார்கள். திரும்பும் வழியில் துடி வழுக்கிய கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். மடுவில் மூக்கில் தண்ணீர் ஏறியதைச் சொன்னாள், அப்பா தலைகுப்புற விழுந்ததைச் சொன்னாள். வள்ளை மயில் நிழலின் குளிர்ச்சியைச் சொன்னது. கருக்கன் இரண்டையும் கேட்டுக்கொண்டு நடந்தது. மேற்கு வெயில் மரங்களின் ஊடே விழுந்து மொட்டின்மேல் ஒளியும் நிழலுமாகக் கடந்துகொண்டிருந்தது. அம்மாவின் வால்மேல் மல்லாந்து படுத்து, அதை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே வந்தான்.

ஒரு குடும்பம் ஒன்றாக மகிழ வேண்டுமென்றால், எல்லோரும் ஒரே விதமாகத்தான் மகிழ வேண்டும் என்பதில்லை.