முகத்துவாரம் நகர்ந்த வருஷம்

முகத்துவாரத்தை ஒட்டிய உப்பளத்தில் குடிசை போட்டிருந்தார் அளத்துச் சாமி. அவருக்கு நாற்பது வயது. அவருடைய சீடரும் தென்கரை ஊர்த்தலைவருமான தில்லைக்கண்ணுவுக்கு அறுபது. தன் நிழலே தன்னை வேவு பார்ப்பதாக நினைக்கிற மனிதர்.

அந்த வருஷ மழையில் முகத்துவாரம் தெற்கே நகர்ந்துவிட்டது. தென்கரை, வடகரை இரண்டு ஊருக்கும் ஆறுதான் எல்லை. இறால் கொழிக்கும் சதுப்பு நிலம் மொத்தமும் வடகரைப் பக்கம் போய்விட்டது.

“தானா நகரல சாமி. வடகரைக்காரனுங்க மணல்திட்டை வெட்டி விட்டிருக்கானுங்க. நாளைக்கு ரெண்டு ஊர்க் கூட்டத்துல நீங்க பார்த்ததாச் சொல்லணும். அப்புறம் உப்பங்கழியில அவனுங்க வலையே போட முடியாது.”

“நான் பார்க்கலையே.”

தில்லைக்கண்ணுவின் கண் சுருங்கியது. “அங்க கஞ்சி குடிச்சீங்களோ?”

“குடிச்சேன். ஆடியில ஆத்துல விளக்கு விட்டாங்க. கூப்பிட்டாங்க, போனேன்.”

வடகரையின் பழைய ஊரை எப்போதோ ஒரு வெள்ளம் விழுங்கியிருந்தது. அம்மன் கல்லும் அதோடு போயிற்று. எங்கே என்று தெரியாமல், வருஷாவருஷம் நடு ஆற்றில் விளக்கு விடுகிறார்கள்.

“அதுவும் நடிப்பு சாமி. விளக்கு விடுற சாக்குல ஆழம் பார்க்குறானுங்க.”

சாமி மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டார். நேராகத் தில்லைக்கண்ணுவின் தென்னந்தோப்புக்குப் போய், கடைசி மரத்தடியில் ஓங்கினார்.

தில்லைக்கண்ணு பாய்ந்து பிடியைப் பற்றினார். “இங்க வேணாம் சாமி! யாரு சொன்னது? என் மவனா?”

“யாரும் சொல்லல. வடகரை ஆள் யாரு தோப்புக்கு வந்தாலும், நீங்க ஓடிவந்து இந்த இடத்துலதான் நிக்கிறீங்க.”

தில்லைக்கண்ணு மண்வெட்டிப் பிடியை விட்டார்.

“தொட்டி கட்டத் தோண்டினப்ப வந்துச்சு. அவங்க அம்மன்தான். காட்டினா, தோப்பே எங்க பழைய ஊருன்னு கேப்பாங்க. அதான் மூடிட்டேன்.”

“அப்போ ஆறு இந்தத் தோப்புக்குத் தெற்கே ஓடியிருக்கு. அதை வடக்கே தள்ளினது யாரு? உங்க பாட்டனா?”

தில்லைக்கண்ணு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பாவம், அந்த வயதில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சாமி மண்வெட்டியை அவர் பக்கத்தில் வைத்தார்.

“கண்ணால பார்த்தவங்கதானே சாட்சி சொல்லணும்? மணல்திட்டை வெட்டினதை நான் பார்க்கல. அம்மனைப் புதைச்சதை நீங்க பார்த்திருக்கீங்க. நாளைக்கு நம்ம ரெண்டு பேர்ல யாரு சாட்சி?”