இருபதைத் தாண்டிய பதினோரு பேர்

"ஒரு கையெழுத்துக்கு ஏன் மேடம் இவ்வளவு யோசிக்கீங்க?"

கேட்டவர் டாக்டர் கோமதிநாயகம். வயது நாற்பத்தொன்பது. பொது அறுவை மருத்துவராக இருபது வருஷம் ஓட்டிவிட்டு, இதய அறுவை படிக்கவேண்டும் என்ற ஆசை விடாமல் பிடுங்கியதால் இங்கே வந்து சேர்ந்தவர். அவருடைய குரு டாக்டர் ரெஜினாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அது அவரை உறுத்தியதே இல்லை. அந்தம்மாள் தையல் போடுவதைப் பார்த்த அன்றைக்கே சரணடைந்துவிட்டார்.

ரெஜினா பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"யாருக்கு?"

"நாலாம் நம்பர் கட்டில். இசக்கியப்பன். சம்சாரம் வீட்டுக்குக் கொண்டுபோறேங்காங்க. பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு."

இசக்கியப்பன் டிராக்டர் ஓட்டுகிறவர். மூன்று நாளைக்கு முன், வண்டியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்திருந்தது. ஏழு மணி நேர அவசர அறுவை. கிழிந்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தது இவர்கள் இருவரும்தான். இன்னும் அவர் கண் திறக்கவில்லை. மூச்சுக்கு மெஷின்.

"ஏன் கொண்டுபோறாங்க?"

"இருபத்திமூணு, மேடம்."

அந்த எண் கோமதிநாயகத்தின் செல்லப்பிள்ளை. ரத்தத்தின் வெள்ளையணுக்களில், ஆபத்து என்றதும் முதலில் ஓடிவந்து அடிதடியில் இறங்குகிற வகை ஒன்று உண்டு. பின்னால் நின்று நிதானமாகக் காவல் பார்க்கிற வகை ஒன்று உண்டு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஓர் எண் வரும். அறுவை முடிந்த மூன்றாம் நாள் அது இருபதைத் தாண்டிவிட்டால் ஆள் தேறமாட்டார். இதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. மூன்று வருஷ உழைப்பு, நூற்று முப்பத்தாறு நோயாளிகள். கட்டுரையை முடித்து, முந்தின நாள்தான் குருவின் மேசையில் வைத்திருந்தார்.

"இருபதைத் தாண்டினவங்க எத்தனை பேர்?"

"பதினோரு பேர்."

"பிழைச்சது?"

"ஒருத்தர்கூட இல்ல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்ல முடியாது.

"அந்தப் பதினோரு பேரும் எங்க செத்தாங்க?"

கோமதிநாயகம் விழித்தார். "எங்கன்னா? முப்பதாம் நாள் வீட்டுக்கு போன் போட்டுக் கேப்போம். இருக்காங்களா, இல்லையா. அவ்வளவுதான் மேடம் வேணும்."

"எங்கன்னு பாத்துட்டு வாங்க. அதுக்கப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

மணி ஒன்பதரை. குரு என்றால் நேராக ஒரு பதில் சொல்லக்கூடாது என்று சட்டம் போலிருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போய், பதிவறையில் பதினோரு கோப்புகளையும் எடுத்து மேசையில் போட்டார்.

முதல் கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "நிலைமை எடுத்துச் சொல்லப்பட்டது. உறவினர் விருப்பப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்."

எழுதியது அவரேதான்.

சரி, நடக்கிறதுதான். உயிர் சொந்த வீட்டில் போகவேண்டும் என்று இந்தப் பக்கத்தில் நினைப்பார்கள். மூச்சுக்குக் கைப்பம்பை அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸில் கூடப் போகிற ஆள், வீட்டுக்குள் படுக்கவைத்ததும் குழாயை எடுத்துவிடுவார். வாயில் பால் ஊற்றுவார்கள். டாக்டர்கள் அதைத் தடுப்பதில்லை.

இரண்டாவது கோப்பிலும் அதே வரி. மூன்றாவதிலும் அதே வரி, அதே கை. நாலாவது ஆள் இங்கேயே, கட்டிலிலேயே இறந்திருந்தார். அதைப் பார்த்தபோது கோமதிநாயகத்துக்கு ஒரு ஆறுதல் வந்தது. ஒருவர் செத்ததில் ஆறுதலா என்று அடுத்த நிமிஷம் தன்மேலேயே அருவருப்பும் வந்தது.

ஐந்து. ஆறு. அதே வரி.

ஏழாவது கோப்பு ஒரு பீடி சுற்றுகிற பெண்ணுடையது. வயது நாற்பத்திரண்டு. மூன்றாம் நாள் எண் இருபத்திரண்டு. நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு தாள் குத்தியிருந்தது. அன்று காலை ஆறு மணிக்கு, கிளம்புவதற்கு முன், வழக்கம்போல் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட். வந்து சேர்ந்தது மதியம் பன்னிரண்டுக்கு.

அவர் மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். பதினொன்று.

மறுபடி வகுத்தார். பதினொன்றுதான். ஒரே நாளில் பாதியாக இறங்கியிருந்தது. அந்தப் பெண் தேறிக்கொண்டிருந்தாள். தாளை யாரும் பார்க்கவில்லை. பார்த்துச் சொல்வதற்குக் கட்டிலில் ஆள் இல்லை.

கோமதிநாயகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மீதி நாலு கோப்புகளையும் தரையில் வைத்தே திருப்பினார். மூன்றில் அதே வரி.

மேலே வந்தபோது மணி பத்தே கால்.

"ஒன்பது பேர் இங்க சாகல மேடம்."

ரெஜினா நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் அனுப்பியிருக்கேன். அனுப்பிட்டு, போன் போட்டு, செத்துட்டாங்களான்னு கேட்டிருக்கேன்."

"ஒன்பதுலயும் கீழ என் கையெழுத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நேத்து உங்க கட்டுரையில 'ஒருவர்கூடப் பிழைக்கவில்லை'ன்னு படிச்சேன். ஒருத்தர்கூடவா, எப்படின்னு யோசிச்சேன். அதுவரைக்கும் எனக்கும் உறைக்கல."

"அப்போ இருபதைத் தாண்டினா என்னதான் ஆகும் மேடம்?"

ரெஜினா இசக்கியப்பனை வீட்டுக்கு அனுப்பும் தாளைக் கையெழுத்துப் போடாமலே அவர் பக்கம் தள்ளினார். "இருக்கவிட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இசக்கியப்பனின் மனைவி செல்லக்கனி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொழுந்தன். காலை ஏழு மணிக்கு இதே இடத்தில்தான் கோமதிநாயகம் அவரிடம் எண்ணைச் சொல்லி, இனி நம்பிக்கை இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

"வண்டி வந்துட்டு சார்," என்றார் செல்லக்கனி. அழுது முடித்த குரல். "ஊருக்கும் சொல்லிவிட்டாச்சு. வாசல்ல பந்தல் போட்டுட்டு இருக்காங்க."

உள்ளே அந்த மனுஷனுக்கு இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. ஊரில் பந்தல்.

கோமதிநாயகம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா, காலையில நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாது."

"எது சார்?"

"பிழைக்கமாட்டாருன்னு எனக்குத் தெரியாது."

கொழுந்தன் எழுந்து நின்றார். "அப்போ அண்ணன் பிழைச்சிருவாரா?"

"அதுவும் தெரியாது."

செல்லக்கனி அவர் முகத்தையே பார்த்தார். அடித்துவிடுவார் என்றுகூடக் கோமதிநாயகம் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தார்.

செல்லக்கனி கொழுந்தன் பக்கம் திரும்பினார்.

"போனைப் போடு."

"யாருக்கு மைனி?"

"வீட்டுக்கு. பந்தலைப் பிரிக்கச் சொல்லு."