ஈயமும் அலுமினியமும் கூடின கதை

எந்த ஊர்லயும் சேராத ஒரு வீடு இருந்துச்சாம். வானத்துல, பூமியச் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டே இருக்குற வீடு. அதுல அங்கயற்கண்ணின்னு ஒரு விஞ்ஞானி. மதுரைக்காரி. பேரும் நீளம், பிடிவாதமும் நீளம். ம் சொல்றியா? சரி.

அவளுக்கு ஒரே ஆசைதான். ஈயத்தையும் அலுமினியத்தையும் உருக்கி ஒண்ணாக் கலந்துடணும். கீழ உருக்குனா, ஈயம் கனம்ல, போய் அடியில உக்காந்துக்கும். மேல எதுக்குமே கனம் தெரியாது, அங்க கலந்துரும்னு பதினோரு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி, ஒருவழியா ஏறிட்டா. கையில மூணே மூணு குண்டு, கோலிக்குண்டு அளவு. ரெண்டு உலோகமும் ஒட்டுன குண்டு. மூணும் வீணாப்போனா அவ அடுப்பைக் கழட்டிட்டு, எடத்தை வேற யாருக்காவது குடுத்துருவாங்க.

அப்புறம், மொதக் குண்டை அடுப்புக்குள்ள விட்டா. எதுலயும் ஒட்டாம, வெறும் சத்தத்தாலயே குண்டை நடுவுல மெதக்க வைக்கிற அடுப்பு. கொய்ய்ய்ங்! உருகுற நேரம் பாத்து, கூட இருந்த ஜெபராஜ் ஓடுற மெஷின்ல ஏறிட்டாரு. தட் தட் தட்! வீடே ஆடுச்சு. குண்டு போய்ச் சுவத்துல சப்புன்னு அப்பிக்கிச்சு.

"அண்ணே! இப்பத்தான் ஓடணுமா?"

"டாக்டர் ஓடச் சொன்னாரும்மா!"

அப்புறம் ரெண்டாவது குண்டு. ஜெபராஜ் தன்னைப் படுக்கையோட சேத்துக் கட்டிக்கிட்டாரு, தும்மக்கூட இல்ல. குண்டு அசையாம உருகுச்சு, அசையாம ஆறுச்சு. அறுத்துப் பாத்தா, போண்டா! உள்ள ஈயம் தனி, வெளிய அலுமினியம் தனி. அவளுக்கு அழுகை வந்துருச்சு. அங்க கண்ணீரும் கீழ விழாது, கண்ணுமேலயே உருண்டையா நிக்கும். பாவம், ஒழுங்கா அழக்கூட முடியல.

முழிச்சிருக்கியா? ம்.

அப்போ கடைசிக் குண்டு. அடுப்புக் கண்ணாடியில மூஞ்சிய ஒட்டவச்சுப் பாக்குறா. பளபளன்னு உருகி, ததும்பித் ததும்பி வருது. பொங்கப்பானை பொங்கி வர்ற மாதிரியே இருக்கு. மதுரைக்காரி வாய் சும்மா இருக்குமா? "உலுலுலுலுலு!"ன்னு குலவை போட்டுட்டா!

குண்டு கிடுகிடுன்னு நடுங்குச்சு. அவ பதறிப்போய் வாயைப் பொத்திக்கிட்டா. "போச்சு அண்ணே, நானே கெடுத்துட்டேன்!"

பயந்துக்கிட்டே ஆறவச்சு அறுத்தா, ஈயம் எது, அலுமினியம் எதுன்னே தெரியல. அந்த நடுக்கத்துல ரெண்டும் அப்படிக் கலந்துருக்கு! ஜெபராஜும் அவளும் கையப் பிடிச்சுக்கிட்டு அந்தரத்துல மூணு குட்டிக்கரணம் அடிச்சாங்க.

கீழ இருந்து தணிகாசலம்னு பெரிய அதிகாரி கேட்டாரு. "எப்படிம்மா கலந்த? இன்னொருத்தர் செஞ்சு பாக்கணும்ல, உள்ளதை உள்ளபடி எழுது."

அவளும் வெக்கத்தோட எழுதுனா: 'குலவை, ஒன்பது நொடி.'

அப்புறம் என்ன! இனிமே மேல போறவங்களுக்குக் குலவை போடத் தெரியணும்னு சட்டம். மீசைக்கார விஞ்ஞானிங்க அத்தனை பேரும் ஆபீஸ்ல வரிசையா நின்னு நாக்கைச் சுழட்டுறாங்க. தணிகாசலம் சாருக்குத்தான் புஸ்ஸு புஸ்ஸுன்னு வெறும் காத்து வருதாம். வீட்டம்மா தெனமும் ஒக்காரவச்சுச் சொல்லிக்குடுக்குறாங்களாம்.

கதை ஆறிப்போச்சு, போர்வைய இழுத்துக்கோ. தூங்கு.